யாஹூ தன் தேடலைக் கைமாற்றிய கதை: ஒரு நிகழ்வு ஆய்வு

2009 ஜூலை 29 அன்று யாஹூவும் மைக்ரோசாஃப்ட்டும் பத்தாண்டு ஒப்பந்தம் ஒன்றை அறிவித்தன. அதன்படி, யாஹூ பக்கத்தில் யார் எதைத் தேடினாலும் விடை எடுத்துத் தரப்போவது மைக்ரோசாஃப்ட்டின் பிங். யாஹூவின் சொந்தத் தளங்களில் தேடல் விளம்பரத்தால் வரும் வருமானத்தில், முதல் ஐந்து ஆண்டுகளுக்கு 88 விழுக்காடு யாஹூவுக்கு. முன்பணம் என்று ஒரு டாலர்கூடக் கிடையாது. செய்தி வந்த அன்றே யாஹூ பங்கின் விலை பத்து விழுக்காட்டுக்கு மேல் இறங்கியது.

அதற்குப் பதினெட்டு மாதம் முன்னால் இதே மைக்ரோசாஃப்ட், யாஹூ நிறுவனம் முழுவதையும் 4,460 கோடி டாலருக்கு விலை பேசியது. யாஹூ மறுத்தது. இந்த இரண்டு செய்திகளையும் சேர்த்து வைத்து, வந்த விலைக்கு விற்காமல் ஏமாந்துபோனார்கள் என்று கதையை முடித்துவிடுவதுதான் வழக்கம். எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. 2008இல் நடந்தது கடைசிக் கட்டம் மட்டுமே. யாஹூ தேடலை இழந்தது அதற்கு முந்தைய எட்டு ஆண்டுகளில். அதுவும் சந்தையில் இருந்த நல்ல தேடுபொறிகளில் பாதியைக் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்தபோதே இழந்தது. அது எப்படி நடந்தது என்பதைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

அயலார் பொறி

ஸ்டான்ஃபோர்டு மாணவர்கள் ஜெர்ரி யாங்கும் டேவிட் ஃபைலோவும் 1994இல் தொடங்கிய யாஹூ, பிறப்பிலேயே தேடுபொறி இல்லை. அது ஓர் அடைவு. ஊழியர்கள் ஒவ்வொரு தளத்தையும் கண்ணால் பார்த்து, இது விளையாட்டு, இது அறிவியல் என்று வகை பிரித்து அடுக்கினார்கள். இணையம் சிறியதாக இருந்த காலத்தில் அது அருமையாக வேலை செய்தது. அடைவில் அகப்படாததைத் தேடுகிறவர்களுக்கு மட்டும் வெளியிலிருந்து ஒரு பொறியை வாடகைக்கு எடுத்து வைத்தார்கள். 1996இல் ஆல்டாவிஸ்டா, 1998இல் இங்க்டோமி, 2000இல் கூகுள்.

அன்றைய கணக்குப்படி இதில் தவறே தெரியவில்லை. யாஹூவும் லைகோஸும் எக்ஸைட்டும் நுழைவாயில் தளங்கள். வந்தவரை அஞ்சல், செய்தி, பங்குச் சந்தை, அரட்டை என்று உள்ளேயே வைத்துக்கொண்டால்தான் பட்டை விளம்பரத்தால் காசு. தேடலோ வந்தவரை அடுத்த நொடியே வெளியே அனுப்பிவிடும். நல்ல தேடுபொறி என்பது அவர்கள் கண்ணுக்குச் செலவுக் கணக்கு. 1999இல் கூகுளை மிகக் குறைந்த விலைக்கு வாங்கிக்கொள்ளும் வாய்ப்பு எக்ஸைட்டுக்கு வந்தது. வேண்டாம் என்றார்கள். அதற்கும் இதே பார்வைதான் அடிப்படை.

2000 ஜூன் 26 அன்று, பதிவாகி இரண்டு ஆண்டு நிறையாத கூகுளை யாஹூ தன் தேடலுக்கு அமர்த்திக்கொண்டது. அதே நாளில், 100 கோடிப் பக்கங்களை அட்டவணையில் ஏற்றிவிட்டதாகக் கூகுள் அறிவித்தது. இந்த ஒப்பந்தத்தில் கூகுளுக்குக் கிடைத்த பெரிய கூலி பணம் இல்லை என்று நினைக்கிறேன். அதற்குக் கிடைத்தவை கேள்விகள். உலகிலேயே அதிகம் பேர் வந்துபோகும் தளங்களில் ஒன்றிலிருந்து, மக்கள் என்ன தட்டச்சு செய்கிறார்கள், எங்கே எழுத்துப்பிழை விடுகிறார்கள், காட்டிய பத்து விடைகளில் எதைச் சொடுக்குகிறார்கள், எதைச் சொடுக்கிவிட்டு உடனே திரும்பி வருகிறார்கள் என்ற தகவல் அத்தனையும் கூகுளுக்குப் போனது.

தேடுபொறி மேம்படுவது இந்தத் தகவலால்தான். ஒரு சின்ன உதாரணம்: பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸின் பெயரைப் பயனர்கள் எத்தனை விதமாகப் பிழையாக எழுதினார்கள் என்ற பட்டியலைக் கூகுள் ஒருமுறை வெளியிட்டது. ஐந்நூறுக்கும் மேற்பட்ட வடிவங்கள். எந்த மொழியியலாளரும் உட்கார்ந்து எழுதியிருக்க முடியாத பட்டியல் அது. கோடிக்கணக்கான பேர் தேடினால் அது தானாகவே சேர்ந்துவிடும். அதிகம் பேர் தேடுவதால் விடை மேம்படுகிறது, விடை மேம்படுவதால் இன்னும் அதிகம் பேர் வருகிறார்கள். இந்தச் சக்கரத்தைத் தன் வீட்டு வாசலில் சுழல விட்டுவிட்டு, அதன் பலனை வாடகைக்கு வந்தவரிடம் யாஹூ கொடுத்துவிட்டது.

ஏலம்

தேடல் செலவுக் கணக்கிலிருந்து வரவுக் கணக்குக்கு மாறியதற்கு ஓவர்ச்சர் என்ற நிறுவனம் காரணம். பில் கிராஸ் என்பவர் 1998இல் கோடூ.காம் (GoTo.com) என்ற பெயரில் தொடங்கிய அது, 2001இல் பெயர் மாற்றிக்கொண்டது. அவருடைய யோசனை எளிது. ஒரு சொல்லைத் தேடுகிறவர் என்ன வாங்க நினைக்கிறார் என்பதை அவரே சொல்லிவிடுகிறார். அந்தச் சொல்லுக்கு நேராக விளம்பர இடத்தை ஏலம் விடலாம். சொடுக்கினால் மட்டும் காசு.

2001 முடிவில் யாஹூவின் தேடல் விளம்பரங்கள் ஓவர்ச்சரிலிருந்து வந்தன, தேடல் விடைகள் கூகுளிலிருந்து வந்தன. அதாவது தேடலின் இரண்டு பாதிகளுமே வாடகை. திரைப்படத் துறையிலிருந்து வந்து 2001இல் தலைமை ஏற்ற டெரி செமலுக்கு இது புரிந்தது. அவர் செய்தது வாங்குவது. 2002 டிசம்பரில் இங்க்டோமியை 23.5 கோடி டாலருக்குப் பேசி முடித்தார். 2003 ஜூலையில் ஓவர்ச்சரை 163 கோடி டாலருக்கு. அந்த ஓவர்ச்சரோ அதே ஆண்டில் ஆல்டாவிஸ்டாவை 14 கோடிக்கும், நார்வேயின் ஃபாஸ்ட் நிறுவனத்திடமிருந்து ஆல்தவெப் பொறியை 7 கோடிக்கும் வாங்கி வைத்திருந்தது. ஆல்டாவிஸ்டாவின் 83 விழுக்காட்டுக்கு நான்கு ஆண்டு முன்னால் சிஎம்ஜிஐ என்ற இணைய முதலீட்டு நிறுவனம் ஏறக்குறைய 230 கோடி டாலர் விலை கொடுத்திருந்தது என்பதையும் பார்க்க வேண்டும். இணையக் குமிழி உடைந்தபின் நல்ல பொறிகள் அடிமாட்டு விலைக்குக் கிடைத்த காலம் அது.

ஆக, 2003 முடிவில் யாஹூவின் கையில் இங்க்டோமி, ஆல்டாவிஸ்டா, ஆல்தவெப் என்று மூன்று பொறிகள், அவற்றோடு ஏல விளம்பரத்தின் அடிப்படைக் காப்புரிமை. 2004 பிப்ரவரியில் கூகுளை அனுப்பிவிட்டுத் தன் சொந்தப் பொறியை யாஹூ ஓட விட்டது. அந்தப் பொறி மோசம் என்று சொல்ல மாட்டேன். நல்ல பொறியாளர்கள் செய்த நல்ல வேலை அது. ஆனால் நான்கு ஆண்டுகள் போயிருந்தன. அதற்குள் தேடுவது என்றால் கூகுள் என்ற பழக்கம் மக்களுக்கு வந்துவிட்டது.

இந்தக் கதையில் அதிகம் பேசப்படாத இடம் விளம்பர வரிசைதான். சற்று நின்று பார்க்கலாம். ஓவர்ச்சரில் யார் அதிக ஏலம் கேட்கிறாரோ அவர் மேலே. அவ்வளவுதான். 2002 பிப்ரவரியில் கூகுள் தன் விளம்பர அமைப்பான ஆட்வேர்ட்ஸைச் சொடுக்குக்குக் காசு என்ற முறைக்கு மாற்றியபோது ஒரு திருத்தம் செய்தது. ஏலத் தொகையோடு, அந்த விளம்பரத்தை எத்தனை பேர் சொடுக்குகிறார்கள் என்பதையும் பெருக்கி வரிசைப்படுத்தியது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒருவர் சொடுக்குக்கு 1 டாலர் தருகிறார், நூறு பேர் பார்த்தால் ஒருவர் சொடுக்குகிறார். இன்னொருவர் 50 சென்ட்தான் தருகிறார், ஆனால் நூற்றில் ஐந்து பேர் சொடுக்குகிறார்கள். ஓவர்ச்சர் முறையில் முதலாமவர் மேலே இருப்பார். நூறு பார்வைக்கு வரவு 1 டாலர். கூகுள் முறையில் இரண்டாமவர் மேலே வருவார். வரவு 2.50 டாலர். தேடியவருக்கும் தொடர்புள்ள விளம்பரம் கிடைக்கிறது. ஒரே கேள்வி, ஒரே இடம், இரண்டரை மடங்கு வருமானம்.

கூடுதல் வருமானம் வந்ததால் கூகுளால் மற்றவர்களுக்கும் கூடுதலாகக் கொடுக்க முடிந்தது. 2002 மே மாதம் அமெரிக்க இணையச் சேவை நிறுவனமான ஏஓஎல் ஓவர்ச்சரை விட்டுக் கூகுளுக்கு மாறியது. மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சை 2004இல் கூகுளில் சேர்ந்தபோது அவர் பார்த்த வேலைகளில் ஒன்று கூகுள் டூல்பார். மைக்ரோசாஃப்ட்டின் உலாவிக்குள்ளேயே கூகுளின் தேடல் பெட்டியைக் கொண்டுபோய் வைக்கும் வேலை. மக்கள் எந்தக் கதவு வழியாகத் தேட வருகிறார்கள் என்பதுதான் எல்லாம் என்று கூகுள் அப்போதே கண்டுகொண்டது.

யாஹூ என்ன செய்தது? காப்புரிமை மீறல் என்று ஓவர்ச்சர் 2002இல் கூகுள் மீது போட்ட வழக்கை, 2004 ஆகஸ்டில் கூகுள் பங்குச் சந்தைக்கு வருவதற்குச் சில நாட்கள் முன்பு 27 லட்சம் பங்குகளுக்குத் தீர்த்துக்கொண்டது. பங்கு 85 டாலர் என்ற வெளியீட்டு விலையில் அது ஏறக்குறைய 23 கோடி டாலர். அந்த விலைக்கு, ஏல விளம்பரத்தின் மூலக் காப்புரிமையை என்றென்றைக்கும் பயன்படுத்தும் உரிமை கூகுளுக்குப் போனது. யாஹூ தன் விளம்பர வரிசையையோ பழைய ஓவர்ச்சர் முறையிலேயே வைத்திருந்தது. அதை மாற்ற 'பனாமா' என்ற பெயரில் எடுத்த திட்டம் தள்ளித் தள்ளிப் போய், அமெரிக்காவில் புதிய வரிசை முறை நடைமுறைக்கு வந்தது 2007 பிப்ரவரியில். கூகுள் செய்து சரியாக ஐந்து ஆண்டுகள் கழித்து. என் கணிப்பில், யாஹூவின் தேடல் வணிகம் தோற்றது இந்த ஐந்து ஆண்டுகளில்தான். 2008 பேரத்தில் யாரோ பங்குக்கு நான்கு டாலர் கூடுதலாகக் கேட்டதனால் தோற்கவில்லை.

மூன்று மாதப் பேரம்

2008 தொடக்கத்தில் அமெரிக்கத் தேடலில் கூகுளின் பங்கு ஏறக்குறைய 60 விழுக்காடு, யாஹூவுக்கு 20க்குச் சற்று மேல், மைக்ரோசாஃப்ட்டுக்கு 10. முந்தைய ஆண்டு டபுள்கிளிக் என்ற இணைய விளம்பர நிறுவனத்தைக் கூகுள் 310 கோடி டாலருக்கு வளைத்துப் போட, மைக்ரோசாஃப்ட் ஏறக்குறைய 600 கோடி கொடுத்து அதே துறையிலிருந்த ஏகுவான்டிவ்வை வாங்கியிருந்தது. தேடலுக்கு மட்டும் அளவு போதவில்லை. ஓவர்ச்சரின் விளம்பரங்களையே நெடுநாள் நம்பியிருந்த மைக்ரோசாஃப்ட், 2006இல்தான் சொந்த விளம்பர அமைப்புக்கு முழுதாக மாறியிருந்தது.

பிப்ரவரி 1 அன்று மைக்ரோசாஃப்ட்டின் தலைமை நிர்வாகி ஸ்டீவ் பால்மர் பங்குக்கு 31 டாலர் என்று அறிவித்தார். முந்தைய நாள் யாஹூ பங்கு 19.18 டாலரில் முடிந்திருந்தது. 62 விழுக்காடு அதிகம். பாதி ரொக்கம், பாதி மைக்ரோசாஃப்ட் பங்கு. ஆயிரம் பேரை வேலையிலிருந்து அனுப்பப் போவதாக அந்த வாரம்தான் யாஹூ சொல்லியிருந்தது. பிப்ரவரி 11 அன்று யாஹூவின் இயக்குநர் குழு, நிறுவனத்தின் மதிப்பை இது மிகவும் குறைத்துக் காட்டுகிறது என்று மறுத்தது.

அப்புறம் நடந்தவை வேகமானவை. கூகுள் வெளிப்படையாகவே இந்த இணைப்பை எதிர்த்தது. ஏப்ரல் 5 அன்று பால்மர் மூன்று வாரக் கெடு வைத்தார். நான்கு நாள் கழித்து, தன் தேடல் பக்கத்தில் கூகுள் விளம்பரங்களைச் சோதித்துப் பார்க்கப் போவதாக யாஹூ அறிவித்தது. மைக்ரோசாஃப்ட்டிடம் மாட்டாமல் இருக்கக் கூகுளின் கையைப் பிடித்தது. மே 3 அன்று யாங்கும் ஃபைலோவும் சியாட்டிலுக்குப் பறந்துபோய்ப் பேசினார்கள். மைக்ரோசாஃப்ட் 33 டாலர் வரை ஏறி வந்தது. யாஹூ 37 டாலருக்குக் குறைய மறுத்தது. பால்மர் அன்றே விலகிக்கொண்டார். கூகுளுடன் விளம்பர உடன்பாடு வைத்துக்கொண்டால் யாஹூவை வாங்குவதே தனக்கு வேண்டாததாகிவிடும் என்று விலகல் கடிதத்தில் எழுதினார்.

அப்போது யாஹூவின் தலைமை நிர்வாகியாக இருந்த யாங்கைக் குறை சொல்வது எளிது. தான் பெற்று வளர்த்த நிறுவனத்தை அவரால் விட முடியவில்லை என்று சொல்லிவிடலாம். அவர் பக்கத்தில் ஒரு நியாயமும் இருந்தது. 2005இல் 100 கோடி டாலர் முதலீட்டோடு சீன இணைய வணிக நிறுவனமான அலிபாபாவில் ஏறக்குறைய 40 விழுக்காடு வாங்கியது யாஹூதான். பின்னாளில் அந்தப் பங்குதான் யாஹூவின் மற்ற எல்லாவற்றையும்விட அதிக மதிப்புள்ளதாகியது. நிறுவனத்தின் மொத்த மதிப்பைப் பற்றி அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் அந்த மதிப்பு தேடலில் இல்லை.

ஜூன் மாதம் மைக்ரோசாஃப்ட் வேறொரு யோசனையோடு வந்தது. தேடல் பிரிவுக்கு மட்டும் 100 கோடி டாலர், அதோடு பங்கு 35 டாலர் வீதம் 800 கோடி டாலருக்கு யாஹூவின் பங்குகள். அதற்கும் யாஹூ இல்லை என்றது. 2009இல் முன்பணமே இல்லாமல் கையெழுத்திட்டபோது ஒப்பிட வேண்டியது 4,460 கோடியோடு இல்லை, இதனோடு. உண்மையில் வருத்தப்பட வேண்டிய மறுப்பு இதுதான்.

நீதித் துறை நுழைகிறது

2008 ஜூன் 12 அன்று யாஹூவும் கூகுளும் விளம்பர ஒப்பந்தம் அறிவித்தன. தன் பக்கத்தில் எந்தக் கேள்விக்குத் தன் விளம்பரம், எந்தக் கேள்விக்குக் கூகுள் விளம்பரம் என்று யாஹூவே முடிவு செய்யும். ஆண்டுக்கு 80 கோடி டாலர் வரை கூடுதல் வருமானத்துக்கு வாய்ப்பு என்று யாஹூ கணக்குச் சொன்னது.

அந்த 80 கோடி எங்கிருந்து வரும் என்று கேட்டால் விஷயம் விளங்கும். அதே கேள்விகள், அதே பயனர்கள், அதே பக்கம். ஏலத்தை நடத்துபவர் மட்டும் மாறுகிறார். ஒரு பகுதி, முன்பு சொன்ன வரிசைத் திறமையால் வரும். இன்னொரு பகுதி, யாஹூவில் மலிவாகக் கிடைத்துக்கொண்டிருந்த சொற்களுக்கு விளம்பரதாரர்கள் கூகுள் விலை கொடுக்க நேர்வதால் வரும். அமெரிக்காவின் தேசிய விளம்பரதாரர் சங்கம் செப்டம்பரில் இதை எதிர்த்து, போட்டிச் சட்டத்தைக் கவனிக்கும் அமெரிக்க அரசின் நீதித் துறைக்கு எழுதியது. நீதித் துறை சாண்ஃபோர்டு லிட்வாக் என்ற மூத்த வழக்கறிஞரை இதற்கென்றே அமர்த்தியது.

தேடல் விளம்பரச் சந்தையில் இரு நிறுவனங்களும் சேர்ந்தால் 90 விழுக்காடும் அதற்கு மேலும் என்பது நீதித் துறையின் முடிவு. விலை உயரும் என்ற கவலையோடு, கூகுளிடமிருந்து எளிதாகப் பணம் வருகிறது என்றால் தன் பொறியில் முதலீடு செய்யும் தேவை யாஹூவுக்கு இருக்காது என்ற கவலையும் அதில் இருந்தது. வழக்குத் தொடுக்கச் சில மணி நேரம் இருந்தபோது, 2008 நவம்பர் 5 அன்று கூகுள் பின்வாங்கியது.

நீதித் துறை செய்தது சரி என்றே நான் நினைக்கிறேன். இரண்டாம் இடத்தில் இருப்பவர் முதலாமவரிடம் கூலி வாங்கிக்கொண்டு ஓடுவதை போட்டிச் சட்டம் எளிதில் ஏற்காது. ஆனால் வெளியிலிருந்து ஒரு கதவை அடைத்தால் யாஹூ தானாகப் போட்டியாளராக மாறிவிடும் என்ற எதிர்பார்ப்பு நிறைவேறவில்லை. பங்குகளை வாங்கி நிறுவனங்களை நெருக்கும் முதலீட்டாளர் கார்ல் ஐகான் ஏற்கெனவே இயக்குநர் குழுவுக்குள் வந்திருந்தார். நவம்பர் 17 அன்று யாங் பதவி விலகுவதாக அறிவித்தார். நிதி நெருக்கடியும் சேர்ந்துகொள்ள, அந்த மாதமே பங்கின் விலை 10 டாலருக்கும் கீழே போனது. யாஹூவின் தேடல் பொறியாளர்களில் முக்கியமானவராக இருந்த சீ லூ மைக்ரோசாஃப்ட்டின் இணையப் பிரிவுக்குத் தலைவராகப் போவது டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. 2009 ஜனவரியில் யாஹூவின் புதிய தலைமை நிர்வாகியாக வந்த கேரல் பார்ட்ஸ் அந்தக் கோடையில் கையெழுத்திட்டதுதான் தொடக்கத்தில் சொன்ன பத்தாண்டு ஒப்பந்தம்.

அமெரிக்க நீதித் துறையும் ஐரோப்பிய ஆணையமும் 2010 பிப்ரவரியில் அதை அனுமதித்தன. அதே வகை ஒப்பந்தம் கூகுளோடு என்றால் கூடாது, மைக்ரோசாஃப்ட்டோடு என்றால் ஆகட்டும் என்பது முரண் போலத் தெரியும். தர்க்கம் இதுதான்: இரண்டும் சேர்ந்தாலும் மூன்றில் ஒரு பங்கு வராது, சின்ன இருவர் சேர்ந்தால்தான் பெரியவரோடு மோத முடியும். அதாவது, தேடலில் அளவே தரம் என்பதை அரசுகளே ஒப்புக்கொண்டன. ஜப்பானில் நேர் எதிராக நடந்தது. 2010 ஜூலையில் யாஹூ ஜப்பான் கூகுளின் பொறிக்கு மாறியது. அந்த நாட்டின் போட்டி ஆணையம் தடுக்கவில்லை. அமெரிக்க யாஹூவுக்கு அந்த நிறுவனத்தில் ஏறக்குறைய 35 விழுக்காடு பங்கு இருந்தும், தன் கூட்டாளியான பிங்கின் பக்கம் அதைத் திருப்ப முடியவில்லை.

பிறகு

தேடலைக் கொடுத்தபின் யாஹூவில் தேடல் அறிஞர்களுக்கு வேலை குறைந்தது. சென்னை ஐஐடியில் படித்த பிரபாகர் ராகவன் 2005 முதல் யாஹூவின் ஆய்வகத்தை நடத்தியவர். 2012இல் கூகுளுக்குப் போனார். பிற்பாடு அங்கே தேடல் பிரிவையே நடத்தினார். பின்னர் யாஹூவின் தலைமை நிர்வாகியான மரிசா மேயர் காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஒப்பந்தத்தைத் தளர்த்தி, 2015இல் கூகுளோடும் ஓர் ஒப்பந்தம் போட்டார்கள். 2017 ஜூனில் அமெரிக்கத் தொலைத்தொடர்பு நிறுவனமான வெரைசான் யாஹூவின் இணையத் தொழிலை 448 கோடி டாலருக்கு வாங்கி முடித்தது. பேசியது 483 கோடி. கோடிக்கணக்கான கணக்குகளின் விவரம் களவுபோன செய்தி நடுவில் வந்ததால் 35 கோடி குறைந்தது.

தமிழர்களுக்கு இதில் ஒரு தனி இழப்பு உண்டு. வலைப்பதிவுகளுக்கு முன்னால், 2000ஐ ஒட்டிய ஆண்டுகளில், இணையத் தமிழ் பேச்சும் எழுத்தும் வளர்ந்தது யாஹூ குழுமங்களில். மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற குழுமங்களின் மடல்களில் சிறுகதை விவாதமும் எழுத்துரு விவாதமும் பக்கம் பக்கமாக நடந்தன. வெரைசான் கையில் இருந்தபோது, 2019 டிசம்பரில் குழுமங்களின் பழைய மடல்களை அழிக்கத் தொடங்கினார்கள். 2020 டிசம்பரில் சேவையே மூடப்பட்டது. ஒரு நிறுவனம் கைமாறும்போது அதன் பங்குதாரர்களிடம் கேட்கிறார்கள். அதற்குள் எழுதி வைத்தவர்களிடம் கேட்பதில்லை. சேமித்து வைத்த சிலரால் கொஞ்சம் தப்பியது.

2008இல் தொடுக்கப்படாமல் போன கூகுள் வழக்கு வேறு வடிவில் திரும்பி வந்து, பதினாறு ஆண்டு கழித்துத் தீர்ப்பானது. 2024 ஆகஸ்ட் 5 அன்று வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா, தேடலில் கூகுள் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துவந்தது என்று தீர்ப்பளித்தார். கைப்பேசிகளிலும் உலாவிகளிலும் முதல் தேடுபொறியாக இருக்க 2021இல் மட்டும் 2,630 கோடி டாலர் கொடுத்ததாக விசாரணையில் வெளிவந்தது. 2008இல் யாஹூவின் தேடல் பக்கத்தில் விளம்பரம் போடப் பேசிய அதே கணக்கு, பல மடங்கு பெரிதாக.

2025 செப்டம்பரில் வந்த பரிகார உத்தரவில் குரோமை விற்கச் சொல்லவில்லை. கூகுளை மட்டுமே வைக்க வேண்டும் என்று கட்டிப்போடும் ஒப்பந்தங்களுக்குத் தடை வந்தது. அதோடு, கூகுள் தன் தேடல் அட்டவணையின் ஒரு பகுதியையும், பயனர்கள் என்ன தேடினார்கள், எதைச் சொடுக்கினார்கள் என்ற தகவலில் ஒரு பகுதியையும் தகுதியுள்ள போட்டியாளர்களுக்குக் கொடுக்க வேண்டும் என்று நீதிபதி சொன்னார். 2000 ஜூன் முதல் 2004 பிப்ரவரி வரை யாஹூ தன் வாசலிலிருந்து கூகுளுக்கு அனுப்பிக்கொண்டிருந்தது அந்தத் தகவலைத்தான்.